தாத்தாவின் மூன்று கத்திகள்: துருவை எடுங்கள், கருமையை விடுங்கள்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். பெயரையும் வீட்டு அடையாளங்களையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தாய்வழித் தாத்தா சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். சேலம் அம்மாப்பேட்டை வீட்டைக் காலி செய்தபோது, ஒரு தகரப் பெட்டிக்குள் தாத்தாவின் மூன்று கத்திகள் கிடைத்திருக்கின்றன. முதலாவது, துரை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்த இறைச்சி அரியும் நீளக் கத்தி. 'ஷெஃபீல்ட்' என்று முத்திரை, மஞ்சளேறிய வெள்ளைப் பிடி. இரண்டாவது, மான்கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி, பாதிதான் திறக்கிறது. மூன்றாவது, தோலுறையில் இருக்கும் பித்தளைப் பூண் போட்ட பிச்சுவா. சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையின் இரும்பில் அடித்தது என்று வீட்டில் சொல்லிவந்திருக்கிறார்கள்.

மாமியார் சொன்னபடி நீளக் கத்தியைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறார். அன்றைக்குப் பளபளத்தது, இரண்டே நாளில் அலகு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பூத்துவிட்டது. பிச்சுவாவுக்குத் தேங்காயெண்ணெய் தடவி உறைக்குள்ளேயே போட்டுவைத்தார். இப்போது பிசின் மாதிரி ஒட்டுகிறது. வினிகரில் ஊறப்போடலாமா, சாணைக்காரரிடம் கொடுக்கலாமா, சமையலுக்கு எடுக்கலாமா, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கலாமா என்று கேட்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, பிச்சுவாவை அங்கே கொண்டுபோனால் லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறாராம். அதற்கும் பதில் வேண்டும் என்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் புளியை நிறுத்துங்கள். வினிகர், எலுமிச்சை, கோலா எதுவும் வேண்டாம். உங்கள் மாமியார் சொன்னது பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. இரும்பின் கதை வேறு. புளியின் அமிலம் துருவோடு சேர்த்து நல்ல எஃகையும் அரிக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அரித்த குழிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து, மறுபடி மறுபடி துருவைக் கிளப்பும். இரண்டு நாளில் ஆரஞ்சாகப் பூத்ததற்குக் காரணம் இதுதான். வினிகரில் ஊறப்போடுவதில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. கெட்டியாகப் பதம் ஏற்றிய எஃகு அமிலத்தில் ஊறும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகம் நொறுங்கும் தன்மை பெறலாம். மடக்குக் கத்தியின் ஸ்பிரிங் உடைந்துபோக இதுவே போதும். மேலும், பிடிக்குள் புகுந்த அமிலத்தை வெளியே எடுக்க வழியே இல்லை. அது உள்ளிருந்தபடியே காம்பைத் தின்றுகொண்டிருக்கும்.

அடுத்ததாக, நீங்கள் நினைத்திருக்கும் ஒன்றைத் திருத்த வேண்டும். கருப்பும் சிவப்பும் ஒரே துரு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அலகின் மேல் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் ஆரஞ்சோ செம்பழுப்போ ஒட்டினால் அது உயிரோடு இருக்கும் துரு, எடுத்தாக வேண்டும். எதுவும் ஒட்டாமல், அலகு மட்டும் சாம்பலும் கருநீலமுமாகத் தெரிந்தால், அது பல்லாண்டுப் புழக்கத்தில் எஃகின் மேல் இறுகிய ஆக்சைடுப் படலம். அடியிலுள்ள இரும்புக்கு அதனால் கெடுதல் இல்லை, ஓரளவு காப்பும் உண்டு. பழைய கத்தியைப் பழையது என்று அடையாளம் காட்டுவதும் அந்தப் படலம்தான். விவரம் தெரிந்து சேகரிப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். எமரித் தாள் போட்டு வெள்ளையாக்கிய கத்திக்கு மதிப்புக் குறையுமே தவிர, ஏறாது. ஆகவே சிவப்பை மட்டும் எடுப்பது, கருமையை விட்டுவிடுவது, மறுபடி துரு வராமல் காப்பது என்ற மூன்றோடு நம் வேலை முடிந்துவிடும்.

பிடி எது என்று பார்த்த பிறகே அலகு

வீட்டில் கத்தி சுத்தம் செய்பவர்கள் பெரும்பாலும் கெடுப்பது பிடியைத்தான். உங்கள் நீளக் கத்தியின் வெள்ளைப் பிடி தந்தமாக இருக்கலாம், எலும்பாக இருக்கலாம், செல்லுலாய்டாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் பராமரிப்பு வேறு, சட்டம் வேறு. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் பிடியின் அடிமுனையைப் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் வலைபோலத் தெரிந்தால் தந்தம். மயிரிழை போன்ற கருங்கீற்றுகளும் புள்ளிகளும் இருந்தால் எலும்பு. நீளவாக்கில் அளவெடுத்த மாதிரி ஒரே சீரான கோடுகள் ஓடினால் செல்லுலாய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீராவிட்டால் கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூட வாசனை வந்தால் செல்லுலாய்டுதான்; அதைச் செய்யும்போதே சூடம் சேர்ப்பார்கள். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கும் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். அது நாளாக ஆக அமில ஆவியை விட்டுப் பக்கத்தில் இருக்கும் இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், அந்தக் கத்தியை மற்ற இரண்டோடு ஒரே டப்பாவில் வைக்காமல், காற்றோட்டமாகத் தனியே வையுங்கள்.

எந்தப் பிடியானாலும் தண்ணீரில் முக்கக் கூடாது. சாப்பாட்டு மேசைக் கத்திகளில் அலகின் காம்பைப் பிடியின் துளைக்குள் செருகிப் பிசினால் ஒட்டியிருப்பார்கள். வெந்நீர் பட்டால் அது இளகிப் பிடி ஆடத் தொடங்கும். நம் ஊர்க் கத்திகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் அரக்கு இருக்கும். அரக்கு சூட்டில் உருகும், ஸ்பிரிட்டில் கரையும். அதனால் பூணிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஸ்பிரிட் பட வேண்டாம். தந்தம், எலும்பு, கொம்பு மூன்றையும் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். அழுக்கு போகவில்லையென்றால் பஞ்சை நனைத்து ஒட்டப் பிழிந்து ஒரு முறை ஒற்றியெடுத்து, உடனே உலர்த்துங்கள். மஞ்சள் நிறத்தை வெளுக்க முயல வேண்டாம்.

வாங்க வேண்டியவை

தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னப் புட்டி. மருந்துக் கடை ஸ்பிரிட். பெயின்ட் கடை டர்பன்டைன். கையுறை. மூங்கில் சீவல் நாலைந்து, நுனியை உளிபோலச் சீவியது. பழைய டூத் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, கஞ்சி போடாத பழைய வேட்டித் துணி. நாலு சைபர் (0000 என்று குறித்த, மிக மெல்லிய இழை) ஸ்டீல் வுல் ஒரு பொட்டலம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள், அது கோடு கோடாகக் கீறிவிடும். கடைசியாக மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு டப்பா. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவாகி, உலகெங்கும் அருங்காட்சியகங்களில் புழங்கும் ரினைசன்ஸ் வாக்ஸ் இந்த வகைதான், ஆன்லைனில் கிடைக்கும். மூன்று கத்திக்கு ஒரு சிறு டப்பா பல வருடம் வரும்.

நீளக் கத்தி

புளி பட்டதால் இதற்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை. மேட்டூர்த் தண்ணீரோ போர்த் தண்ணீரோ வேண்டாம், இரண்டிலும் உப்புகள் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக் கடையில் வாங்கினால் ஆசிட் கலக்காத தண்ணீர்தானா என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு டம்ளரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து, பஞ்சில் தொட்டு அலகை மட்டும் துடையுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டர் தொட்ட பஞ்சால் நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு. தாமதிக்காமல் ஸ்பிரிட்டால் துடைத்து, விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்டு, எண்ணெய் தடவுங்கள். இடையில் அரை மணி நேரம் ஈரமாக விட்டால்கூட மறுபடி பூக்கும்.

இனி துரு. மடித்த துண்டின் மேல் கத்தியைப் படுக்கவைத்து, முதுகு உங்கள் பக்கமும் கூர் எதிர்ப்பக்கமும் இருக்கும்படி வையுங்கள். துடைப்பது எப்போதும் முதுகிலிருந்து கூர்ப்பக்கத்தை நோக்கி. கூர் ஓடும் திசையில் விரலை இழுக்க வேண்டாம். துருப் புள்ளிகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் மூங்கில் சீவலைச் சாய்த்துப் பிடித்து, துருத் திட்டின் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். ஊறிய துரு சின்னச் செதில்களாகக் கழன்று வரும். அடியில் கருங்குழி தெரியும். அந்தக் குழியைச் சமப்படுத்த ஆசை வரும். வேண்டாம், அந்தக் குழி இனி அந்தக் கத்தியின் பகுதி. மூங்கிலுக்கு அசையாத இடத்தில் மட்டும் ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து, அலகில் ஏற்கெனவே ஓடும் மெருகுக் கோடுகளின் திசையிலேயே, அழுத்தாமல் நாலு இழுப்பு. முத்திரையின் மேல் ஸ்டீல் வுல் படவே கூடாது. அந்த எழுத்துகள்தான் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். மழுங்கினால் திரும்பக் கிடைக்காது. அங்கே டூத் பிரஷ்ஷும் எண்ணெயும் போதும்.

முத்திரையைப் படிக்கும்போது 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டது 1913-இல். ஆகவே அந்தச் சொல் இருந்தால் கத்தி அதற்குப் பிந்தியது. இவ்வளவு துரு ஏறியிருப்பதால் உங்களுடையது சாதாரணக் கார்பன் எஃகு என்றே தோன்றுகிறது.

துணியில் ஆரஞ்சு ஒட்டுவது நின்றதும், ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசையை எடுத்து உலர்த்துங்கள். இந்தக் கட்டத்திலிருந்து கையுறை போடுங்கள். வியர்வை உப்பில் பதிந்த விரல் ரேகை, சில வாரத்தில் துருக்கோடாக அப்படியே எழும். மெழுகை ஒரு பட்டாணி அளவு எடுத்து அலகின் இரு பக்கமும் மெல்லியதாகப் பூசி, பத்து நிமிடம் விட்டுத் துணியால் தேயுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பூச்சு.

மடக்குக் கத்தி

பலவந்தமாகத் திறக்காதீர்கள். அடைபட்டிருப்பது ஆணியும், முதுகுப் பக்கத்து ஸ்பிரிங்கும். இரண்டிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் திறக்கும் அளவுக்கு மட்டும் திறந்து மூடி, மறுபடி ஒரு சொட்டு. இப்படி ஒரு வாரம் போனாலும் போகட்டும். வெளியே வரும் எண்ணெய் காப்பி நிறத்தில் இருக்கும். நிறம் தெளிந்ததும் துரு வந்து முடிந்தது என்று பொருள். அலகு மடங்கும் பள்ளத்தில் பழைய தூசி கெட்டியாகிக் கிடக்கும், அதைப் பல்குச்சியால் எடுங்கள். ஈரத்தைப் பிடித்துவைப்பது அந்தத் தூசிதான். கொம்புப் பிடியில் எண்ணெய் வழிந்தால் உடனே துடையுங்கள், ஊறினால் கறுத்துவிடும்.

பிச்சுவா

முதலில் உறையிலிருந்து வெளியே எடுங்கள். இனி ஒருபோதும் உறைக்குள் வைக்காதீர்கள். உறை கத்தியைக் காக்கும் என்பது பொதுவான எண்ணம். இடுப்பில் செருகுகிற மனிதனை அது காக்கும், சரிதான். ஆனால் பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் அமிலம் உண்டு, அது ஈரத்தையும் உறிஞ்சிவைக்கும். உறையைத் தனியாகத் துணியில் சுற்றிவையுங்கள். பித்தளைப் பூணில் பச்சையாக மெழுகுபோலக் கசிந்திருந்தால், அது தோலின் கொழுப்பு செம்போடு சேர்ந்து உண்டானது. பல்குச்சியால் வழித்தெடுத்தால் போதும். பிராஸோ போட வேண்டாம். அதில் உள்ள பொடியும் அமோனியாவும் இடுக்கில் தங்கிவிடும்.

தேங்காயெண்ணெய் காற்றுப் பட்டுக் காறிப்போகும். அப்போது கொழுப்பமிலம் பிரிந்து இரும்பைத் தாக்கும், தூசியும் ஒட்டும். ஏற்காட்டின் மார்கழிக் குளிரில் கட்டியாகவும் உறைந்துவிடும். டர்பன்டைன் தொட்ட பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தெடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு எரியாத நேரத்தில் செய்யுங்கள்.

அதன் பிறகு இதற்கு ஸ்டீல் வுல் வேண்டாம், மூங்கிலும் எண்ணெயும் மட்டும். காரணம் இருக்கிறது. கஞ்சமலையின் காந்தத் தாதுவை உருக்கி இரும்பெடுத்த தொழில் இந்த வட்டாரத்தில் நீண்ட காலம் நடந்தது. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்கும் சேலத்துத் தாது போனது. தென்னிந்தியா உலகுக்குக் கொடுத்த உருக்கில் (ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' எனப்படும் எஃகு) அடித்த அலகுகள் சிலவற்றில் நீரலை போன்ற கோலம் இருக்கும். அந்தக் கோலம் மேற்பரப்பில்தான் தெரியும், தேய்த்தால் போய்விடும். கஞ்சமலை என்று வீட்டில் சொல்வதை வைத்து மட்டும் இது உருக்கு என்று முடிவு கட்ட முடியாது. சாதாரண நாட்டு இரும்பாகவும் இருக்கலாம். அப்படியானால் துரு நீங்கிய இடத்தில், கரும்புச் சக்கையின் நார்போல நீளவாக்கில் சிட்டக் (கசடு) கோடுகள் தெரியும். அலைக்கோலம் ஏதாவது தென்பட்டால் அத்தோடு வேலையை நிறுத்தி, எண்ணெய் மட்டும் தடவிவைத்து, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இத்தகைய பொருள்களுக்கென்றே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது.

சாணை, சமையல்

சாணை வேண்டாம். சக்கரத்தின் உராய்வுச் சூட்டில் கூர் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், அலகின் வடிவமும் மாறிவிடும். சமையலுக்கும் எடுக்காதீர்கள், தக்காளியும் எலுமிச்சையும் பட்ட நிமிடத்தில் கார்பன் எஃகு கறுக்கும், தினமும் கழுவக் கழுவப் பிடி ஆடும். தாத்தாவின் கத்தி புழக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதன் பின்னால் இருக்கும் பாசம் புரிகிறது. மடக்குக் கத்தி சரியானதும் தபால் உறை பிரிக்க எடுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது.

ஏற்காட்டில் வைக்கும் இடம்

சுமார் 1,500 மீட்டர் உயரம், அடிக்கடி பனிமூட்டம். துருவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. இரும்புக்குக் காற்றின் ஈரப்பதம் குறைவாக இருக்க இருக்க நல்லது. ஆனால் மிகக் குறைந்தால் தந்தமும் கொம்பும் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே 45 முதல் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானி ஒன்றை, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கத்திகளோடு வையுங்கள் (செல்லுலாய்டுப் பிடிக் கத்தி மட்டும் இதில் வேண்டாம்). கூடவே 100 கிராம் சிலிக்கா ஜெல் பை. நிறம் மாறும் ஆரஞ்சு மணிகளாக வாங்குங்கள். அளவு 40-க்குக் கீழே போனால் பையை எடுத்துவிடுங்கள், 55-ஐத் தாண்டினால் மின் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி போடுங்கள். செய்தித்தாள், சிவப்புப் பட்டு, அந்துருண்டை, பிளைவுட் பெட்டி எதுவும் வேண்டாம். மலையிலிருந்து சேலத்துக்குக் கொண்டுபோனால், வீடு சேர்ந்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். குளிர்ந்த இரும்பில் கீழ்நாட்டு வெப்பக் காற்று பட்டதும் வியர்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும்.

உங்கள் தம்பிக்கு

பிச்சுவா 100 ஆண்டுக்குக் குறையாததாக இருந்தால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அவ்வளவு பழையதில்லை என்று அவர் கருதினால், பெட்டியில் போடும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்க வேண்டும். விமான நிலையத்தில் மாட்டினால் கத்தியும் போய் வழக்கும் வரும். ஆயுதச் சட்டத்தின் விதிகளில் பிச்சுவா வகைக் குத்துவாள்கள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு, விவசாய உபயோகக் கத்திகளுக்கு விலக்கு உண்டு. சில அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உரிமம் தேவை என்பதால், ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பையில் செருகிக்கொண்டு போகாதீர்கள்.

வெள்ளைப் பிடி தந்தம் என்று தெரிந்தால் அதற்கும், மான்கொம்புக்கும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. விற்பது, விற்பனைக்கு என்று இணையத்தில் படம் போடுவது இரண்டும் வேண்டாம். வாரிசாக வந்த பொருளை 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 40-ஆம் பிரிவு சொல்கிறது. சேலம் வனக்கோட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். நாள் கடந்திருந்தால் ஒரு வழக்கறிஞரோடு போவது நல்லது. பயந்துபோய் மறைத்துவைக்காதீர்கள், பிடியைக் கழற்றியும் எறியாதீர்கள்.

ஆயுத பூஜை

தாராளமாக வையுங்கள். ஈரச் சந்தனமும் குங்குமமும் அலகில் நேராகப் படுவதுதான் சிக்கல். ஓர் இரவிலேயே பொட்டு வடிவில் துரு பிடித்துவிடும். தாம்பாளத்தில் துணி விரித்துக் கத்திகளை வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வெற்றிலை போட்டு அதில் பொட்டு வையுங்கள். எலுமிச்சை அரிய வேறு கத்தி எடுங்கள். சூடம் காட்டும்போது செல்லுலாய்டுப் பிடியிலிருந்து எட்டியே காட்டுங்கள். பூஜை முடிந்த மறுநாள், டப்பாவில் திருப்பி வைக்கும் முன், வெள்ளைத் துணியால் மூன்றையும் துடைத்துப் பாருங்கள். ஐப்பசி அடைமழை தொடங்கும் நேரம் என்பதால், மெழுகைப் புதுப்பிக்க அதுவே சரியான நாள்.